சம்பளத்தில் ஏன் இந்தப் பேதம்?

"ஒரே வேலைக்கு ஒரே சம்பளம்" என்னும் கோஷத்தை எதிர்த்துப் பேசத் துணிபவர் இன்று ஒருவரும் இல்லை. மேடையில் ஏறும் அரசியல்வாதியும் அதை ஆமோதிக்கிறார். ஆலை முதலாளியும் ஆமோதிக்கிறார். அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1963-ஆம் வருஷத்திலேயே ஜனாதிபதி கென்னடி அதைச் சட்டமாக்கிக் கையெழுத்திட்டார். சட்டம் பிறந்து அறுபது வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டன. ஆயினும், முழுநேர வேலை பார்க்கும் ஆண் ஒருவர் நூறு டாலர் சம்பாதிக்கும் இடத்தில், முழுநேர வேலை பார்க்கும் பெண்ணுக்குக் கிடைப்பது எண்பது டாலருக்குச் சற்று மேல்தான். சட்டம் வந்த காலத்தில் அது ஏறக்குறைய அறுபது டாலராக இருந்தது. ஆகவே முன்னேற்றமே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் எஞ்சியிருக்கும் பள்ளம் ஏன் தூர மறுக்கிறது?

இக்கேள்விக்கு விடை தேடுவதையே வாழ்நாள் தவமாகக் கொண்ட ஒரு பெண்மணி இருக்கிறார். ஹார்வர்டு சர்வகலாசாலைப் பேராசிரியை கிளாடியா கோல்டின் அவர். 1946-இல் நியூயார்க் நகரில் பிறந்தவர். நுண்கிருமி சாஸ்திரம் படிக்கும் எண்ணத்துடன் கல்லூரியில் சேர்ந்து, அங்கே பொருளாதாரத்தின்பால் ஈர்க்கப்பட்டவர். 1990-இல் ஹார்வர்டின் பொருளாதாரப் பகுதியில் நிரந்தரப் பேராசிரியர் பதவி பெற்ற முதல் பெண் அவரே. 2023-இல் பொருளாதாரத்துக்கான நோபெல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. அப்பரிசை வேறு யாருடனும் பங்கிட்டுக்கொள்ளாமல் தனியே பெற்ற முதல் பெண்மணியும் அவரே.

கோல்டின் அம்மையார் தம்மைத் துப்பறிபவர் என்று சொல்லிக்கொள்வதுண்டு. அது வெறும் விளையாட்டுப் பேச்சல்ல. பழைய ஜனத்தொகைக் கணக்கேடுகளைப் புரட்டினால், விவாகமான பெண்ணின் பெயருக்கு எதிரே தொழில் என்னும் கட்டத்தில் "மனைவி" என்ற ஒரு சொல்லே பெரும்பாலும் காணப்படும். அவள் புருஷனோடு வயலில் பாடுபட்டிருப்பாள், வீட்டிலிருந்தபடியே நெய்திருப்பாள், கடையைக் கவனித்திருப்பாள். கணக்கெடுத்த குமாஸ்தாவுக்கு அவை ஒன்றும் வேலையாகத் தோன்றவில்லை! இவ்வாறு ஏட்டிலிருந்து மறைந்துபோன உழைப்பையெல்லாம் வேறு புள்ளி விவரங்களைக் கொண்டு கோல்டின் மீட்டெடுத்தார். அதன் பயனாக ஓர் எண்ணம் தகர்ந்தது. நாடு செழிக்கச் செழிக்க வேலைக்குச் செல்லும் பெண்களின் தொகையும் ஏறிக்கொண்டே போகும் என்று அதுகாறும் பலர் எண்ணியிருந்தனர். உண்மையிலோ, அமெரிக்காவின் இருநூறு வருஷச் சரித்திரத்தில் அத்தொகை முதலில் இறங்கிப் பின்னரே ஏறியிருக்கிறது. விவசாய காலத்தில் வீடும் வேலைத்தலமும் ஒன்றாக இருந்தன. யந்திர ஆலைகள் தோன்றியதும் வேலை வீட்டைவிட்டு வெளியேறியது. குழந்தையுள்ள பெண் வீட்டிலே நின்றுவிட்டாள். இருபதாம் நூற்றாண்டில் பள்ளிக்கூடங்களும் காரியாலயங்களும் பெருகிய பிறகே அவள் மீண்டும் சம்பளத்துக்கு வேலை பார்க்க வந்தாள்.

சம்பளப் பேதத்தின் கதையும் இதுபோலவே வளைந்து வளைந்து செல்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆணின் கூலியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பெண்ணுக்குக் கிடைத்தது. ஆலைகள் வந்த பின், 1850-ஆம் வருஷத்துக்குள், அது பாதியளவுக்கு உயர்ந்தது. உடல் வலிமைக்கு இருந்த கிராக்கியை யந்திரம் குறைத்ததே அதற்குக் காரணம். ஆலையில் பலருக்கு உருப்படிக் கணக்கில் கூலி தரப்பட்டது. எத்தனை உருப்படி செய்தாளோ அத்தனைக்குக் காசு. செய்தவர் ஆணா பெண்ணா என்ற கேள்விக்கு அங்கே அதிக இடமில்லை. பின்னர் மேஜை நாற்காலி உத்தியோகங்கள் வந்தன. மாதச் சம்பளம் வந்தது. உத்தியோகஸ்தர் நீண்ட காலம் இருந்து படிப்படியாக உயர்வார் என்ற எதிர்பார்ப்பும் வந்தது. "இவள் விவாகமானதும் போய்விடுவாள்" என்ற நினைப்பும் கூடவே வந்து புகுந்தது. நாகரிகம் மிகுந்ததாக நாம் எண்ணும் காரியாலயத்தில்தான் காரணமற்ற பாரபட்சம் வளர்ந்தது என்பது கோல்டின் கண்ட விசித்திரமான உண்மை.

அந்த நினைப்பு நினைப்போடு நிற்கவுமில்லை, விதியாகவே எழுதப்பட்டது. விவாகமான பெண்ணை வேலைக்கு எடுப்பதில்லை, வேலையிலிருப்பவள் விவாகம் செய்துகொண்டால் வைத்துக்கொள்வதில்லை என்பது அவ்விதி. ஆசிரியத் தொழிலில் இருக்கும் என் போன்றவர்கள் இதைப் படிக்கும்போது சற்றே திகைத்துத்தான் போவோம். ஏனெனில் இவ்விதி மிகவும் கடுமையாக அமுலில் இருந்த இடங்களுள் பள்ளிக்கூடமும் ஒன்று. 1942-இல் அமெரிக்கப் பள்ளி நிர்வாகங்களில் நூற்றுக்கு 87 விவாகமான பெண்களை ஆசிரியைகளாக நியமிக்க மறுத்தன. நூற்றுக்கு 70, ஏற்கெனவே வேலையிலிருந்த ஆசிரியை விவாகம் செய்துகொண்டால் அவளை நீக்கிவிட்டன. பிறர் குழந்தைகளுக்கு அறிவு புகட்டத் தகுந்தவள், தனக்கென்று ஒரு குடும்பம் ஏற்பட்டதும் தகுதியற்றவளாகிவிட்டாள்! யுத்தத்துக்குப் பின் ஆசிரியர்களுக்குப் பஞ்சம் வந்தபோதுதான் இந்த விதி தளர்ந்தது.

இவையெல்லாம் பழங்கதை, இப்பொழுது அப்படிப்பட்ட விதியும் இல்லை, படிப்பிலும் பெண்கள் பின்தங்கியிருக்கவில்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் பட்டம் பெறுவோரில் 1980-களிலிருந்தே பெண்களின் தொகைதான் அதிகம். ஆண்கள் அதிகச் சம்பளமுள்ள தொழிலுக்குப் போகிறார்கள், பெண்கள் குறைந்த சம்பளமுள்ள தொழிலுக்குப் போகிறார்கள், அவ்வளவுதானே என்று கேட்கலாம். அதுவும் ஒரு காரணந்தான். ஆனால் வித்தியாசத்தின் பெரும்பகுதி ஒரே தொழிலுக்குள்ளேயே இருப்பதைக் கோல்டின் எடுத்துக் காட்டியிருக்கிறார். ஆண் வக்கீலுக்கும் பெண் வக்கீலுக்கும் இடையேதான் பள்ளம். ஆண் டாக்டருக்கும் பெண் டாக்டருக்கும் இடையேதான் பள்ளம்.

இது எப்பொழுது தோன்றுகிறது என்று பார்ப்பதற்கு ஓர் ஆராய்ச்சி உதவுகிறது. சிகாகோ சர்வகலாசாலையில் 1990 முதல் 2006 வரை வர்த்தக நிர்வாகத்தில் எம்.பி.ஏ. பட்டம் பெற்றவர்களின் சம்பளத்தை மரியான் பெர்த்ரான், கோல்டின், லாரன்ஸ் காட்ஸ் ஆகிய மூவரும் வருஷவாரியாக ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டனர். வேலையில் சேரும்போது ஆணுக்கும் பெண்ணுக்கும் அநேகமாக ஒரே சம்பளம். பத்து வருஷங்கள் கழிந்ததும் மிகப் பெரிய வித்தியாசம். இடையில் என்ன நடந்தது? குழந்தை பிறந்தது. தாயானவள் சில மாதம் வேலையை நிறுத்தினாள். பின்பு வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டாள். தகப்பனார் முன்போலவே காரியாலயத்தில் இருந்தார். குழந்தைகளுக்கு அரசாங்கம் மிகவும் தாராளமாக உதவும் டென்மார்க்கிலும் கதை வேறல்ல. முதல் குழந்தை பிறந்ததன் விளைவாக அந்நாட்டுப் பெண்களின் வருமானம் நீண்ட காலத்துக்கு நூற்றுக்கு இருபது அளவில் குறைந்துவிடுகிறது என்றும், ஆண்களின் வருமானத்தில் அப்படியொரு சரிவு இல்லை என்றும் 2019-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி தெரிவிக்கிறது.

வேலை நேரத்தைக் குறைத்தால் சம்பளம் குறைவது நியாயந்தானே என்று வாசகர்கள் கேட்கலாம். நுட்பம் இங்கேதான் இருக்கிறது. நேரம் குறைந்த அளவுக்கு மட்டும் சம்பளம் குறைந்தால் யாரும் குறைசொல்ல மாட்டார்கள். கணக்குக்காக ஓர் உதாரணம் சொல்கிறேன். வாரம் நாற்பது மணி வேலைக்கு நாற்பது டாலர் என்று வைத்துக்கொள்வோம். அறுபது மணி உழைத்தால் அறுபது டாலர் கிடைக்க வேண்டும். ஆனால் பெரிய வக்கீல் கம்பெனியும் பண நிர்வாகக் கம்பெனியும் அறுபது மணிக்குத் தொண்ணூறு டாலர் தருகின்றன. கட்சிக்காரர் எந்த நேரம் கூப்பிட்டாலும், ஞாயிற்றுக்கிழமையானாலும், இரவு பத்து மணியானாலும் ஓடிவருகிறவருக்கு அந்த விலை. இத்தகைய வேலையைப் 'பேராசை பிடித்த வேலை' என்கிறார் கோல்டின்.

இப்பொழுது தம்பதிகள் இருவரும் சமமாகப் படித்தவர்கள் என்று கொள்வோம். இருவருமே பேராசை பிடித்த வேலையை ஏற்றால் குழந்தைக்குக் காய்ச்சல் வந்த நாளில் வீட்டில் யார் இருப்பது? இருவரும் சாதாரண வேலையை ஏற்றால் குடும்பத்தின் வரும்படி எண்பது டாலர். ஒருவர் ஓடி உழைத்து மற்றவர் வீட்டுக்கு அருகே நின்றால் நூற்று முப்பது டாலர். சமத்துவத்தை விரும்பும் குடும்பம் வாரந்தோறும் ஐம்பது டாலரை அதற்கு விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது! எத்தனை குடும்பங்கள் அவ்விலையைக் கொடுக்கும்? வீட்டுக்கு அருகே நிற்பவள் அநேகமாக மனைவியாகவே இருக்கிறாள். அவள் சம்பளத்தை இழக்கிறாள். அவனோ குழந்தை வளர்வதைப் பார்க்கும் பாக்கியத்தை இழக்கிறான். இதில் கொடுமைக்கார முதலாளி ஒருவரும் இல்லை. சட்டத்தை மீறியவரும் இல்லை. அதனால்தான் சட்டத்தின் கை இங்கே எட்டுவதில்லை.

இந்த முடிச்சை அவிழ்க்கவே முடியாதா? முடியும் என்பதற்கு மருந்துக் கடையே சாட்சி. முற்காலத்து அமெரிக்காவில் கடைக்குச் சொந்தக்காரரே மருந்து கொடுப்பவராகவும் இருந்தார். நீண்ட நேரம் அவரே கடையில் இருந்தாக வேண்டும். எந்த நோயாளிக்கு என்ன மருந்து என்பதும் அவருக்கே தெரியும். 1960-களில் அத்தொழிலில் இருந்த பெண்கள் பத்தில் ஒருவர் அளவே. பிறகு பல கிளைகளுள்ள பெரிய கம்பெனிகளும் ஆஸ்பத்திரிகளும் அத்தொழிலை நடத்தத் தொடங்கின. மருந்துகள் ஒரே அளவில், ஒரே தரத்தில் தயாராகி வந்தன. நோயாளியின் விவரமெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறியது. காலையில் ஒருவர் விட்ட இடத்திலிருந்து மாலையில் மற்றொருவர் தடையின்றித் தொடரலாம். இன்று அத்தொழிலில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். 1970-இல் முழுநேர வேலை பார்த்த பெண்ணின் சம்பளம் ஆணின் சம்பளத்தில் நூற்றுக்கு 66 ஆக இருந்தது. 2010-இல் அது 92 ஆயிற்று. பாதி நேரம் வேலை பார்ப்பவருக்குப் பாதிச் சம்பளம் கிடைக்கிறது. அதற்குமேல் தண்டனை இல்லை. கவனிக்க வேண்டியது என்னவென்றால், பெண்களுக்கு உதவ வேண்டும் என்ற நோக்கத்தோடு யாரும் இம்மாறுதலைச் செய்யவில்லை. வேலையின் அமைப்பு மாறியது. நீதி தானே பின்தொடர்ந்தது.

இதனால் பாரபட்சமே ஒழிந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அது இருக்கும் இடங்களில் சட்டமும் கண்டிப்பும் வேண்டும். வீடுகளைத் துப்புரவு செய்பவளுக்கும் ஆலைக் கூலிக்காரிக்கும் 'பேராசை பிடித்த வேலை' என்ற பேச்சு பொருந்தாது. அவர்களுக்கு வேண்டியது வயிறு நிரம்பும் கூலி. எல்லாத் தொழிலும் மருந்துக் கடை ஆகிவிடவும் முடியாது. ஆயினும், இவரைத் தவிர வேறு யாராலும் முடியாது என்று நாம் நம்பும் வேலைகளில் எத்தனையோ, பழக்கத்தினால் அப்படி ஆனவை. மருந்துக்காரரைப் பற்றியும் ஒருகாலத்தில் அப்படித்தானே நம்பினார்கள்?

சுதந்திர பாரதம் 1949-இல் ஏற்றுக்கொண்ட அரசியல் சாஸனத்தின் 39-ஆவது ஷரத்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்பதை ராஜ்யத்தின் கொள்கையாக விதித்திருக்கிறது. 1976-இல் அதற்கெனச் சட்டமும் இயற்றப்பட்டது. அந்தச் சொற்கள் பொருள் பெற வேண்டுமானால், ஊழியர் எவ்வளவு நேரம் கண்ணெதிரே இருக்கிறார் என்று பார்ப்பதை விட்டு, என்ன வேலை முடிந்தது என்று பார்க்க முதலாளிகள் பழக வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று விடுமுறை கேட்கும் தகப்பனாரைக் கேலி செய்யாத காரியாலயங்கள் வேண்டும். அவ்வாறு கேட்பதற்கு வெட்கப்படாத தகப்பனார்களும் வேண்டும். பெண்களைப் படிக்கவைக்கும் கடமையில் பாதியை நாம் செய்துவருகிறோம். படித்தவளுடைய ஒரு மணி நேரத்துக்கும் மற்றவருடைய ஒரு மணி நேரத்துக்கும் ஒரே விலை கிடைக்கச் செய்வதே மறுபாதி.