கம்பியை வளைத்தால் சுரம் ஏன் ஏறுகிறது?

மாத்தளை முத்துமாரியம்மன் பஞ்சரத பவனியில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்கு ப்ளூஸ் கிற்றார் அந்நியமாகப் படாது. இரண்டிலும் சுரம் இழைந்து ஏறி இறங்கும். சிக்கல் கிற்றாரின் மெட்டுகளில்தான்: அவை ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டாக வெட்டிவிடுகின்றன. ப்ளூஸின் உயிரோ சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே எங்கோ இருக்கிறது.

அங்கே போக வீணைக்காரர் செய்வதையே செய்யவேண்டும்: கம்பியைப் பக்கவாட்டில் இழுப்பது. இழுவிசை கூடும், ஆனால் அதிர்வெண் அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் உயரும். சட்ஜத்திலிருந்து சதுஸ்ருதி ரிஷபத்துக்கு ஏற அதிர்வெண் சுமார் 12 சதவீதம் கூடினால் போதும். இழுவிசையோ 26 சதவீதம் கூடவேண்டும். அக்கூஸ்டிக் கிற்றாரின் தடித்த கம்பியில் புதியவர் விரல் புண்ணாவது இதனால்தான். ஒற்றை விரலால் மல்லுக்கட்டாதீர்கள். பின்னால் இரண்டு விரல்களை முட்டுக்கொடுத்து மணிக்கட்டைத் திருப்புங்கள்.

இன்னொரு வழி, கண்ணாடிக் குழாயைக் கம்பிமேல் வழுக்குவது. இங்கே மாறுவது நீளம். அது பாதியானால் அதிர்வெண் இரட்டிக்கும். நம் கோட்டுவாத்தியமும் இதே வித்தைதான். விஸ்வ மோகன் பட்டும் ரை கூடரும் இப்படி வழுக்கி வாசித்த இசைத்தொகுப்பு 1994இல் கிராமி விருது பெற்றது. குழாயை அழுத்தாதீர்கள். மெட்டுக்கு நேர் மேலே நிறுத்துங்கள், இரண்டு மெட்டுகளுக்கு இடையில் அல்ல.