மலைக்காட்டுத் தீயும் ஊர்க்கட்டுப்பாடும்

இமயமலையின் வெளிச்சரிவுகளில், ஏறத்தாழ 500 மீட்டரிலிருந்து 2,000 மீட்டர் உயரம் வரையில், ‘சீர்’ எனப்படும் பைன் மரக்காடுகள் பரந்து கிடக்கின்றன. உத்தராகண்ட் மாநிலத்தின் குமாவூன், கட்வால் பகுதிகளில் கோடைதோறும் காட்டுத் தீ மூளுவதற்கு இம்மரமே காரணம் என்று கூறுவாருளர். இது பாதி உண்மையே. எரிபொருளைத் தருவது மரம். முதற் பொறி பெரும்பாலும் மனிதன் கையிலிருந்தே வருகிறது.

சீர் மரத்தின் ஊசியிலைகள் கோடையில் ஏராளமாக உதிர்கின்றன. மலைமக்கள் இச்சருகினைப் ‘பிரூல்’ என்பர். பிசின் கலந்த இச்சருகு எளிதில் மக்குவதில்லை. இடைவெளிகளுடன் அடுக்கடுக்காகப் படிவதால் அதனூடே காற்று தாராளமாகப் புகுகின்றது. சமநிலத்தில் எரியும் தீயின் வெப்பத்தில் பெரும்பகுதி நேரே மேலெழுந்து போய்விடும். மலைச்சரிவிலோ, சுடரானது மேற்புறத்துச் சருகின்மீது சாய்ந்து, அதனைத் தீண்டுமுன்னரே உலர்த்திச் சூடேற்றி விடுகிறது. சரிவு ஒவ்வொரு 10 பாகை கூடுந்தோறும் தீ மேலேறும் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது தீயின் போக்கை ஆராய்ந்தோர் கையாளும் கணக்கு. அவ்வாறாயின், 30 பாகைச் சரிவில் வேகம் எட்டு மடங்காகும். போதாக்குறைக்கு, பகற்பொழுதில் பள்ளத்தாக்கின் காற்றும் மேல்நோக்கியே வீசுகின்றது. எரியும் பைன் காய்களோ கீழே உருண்டோடி, அடிவாரத்தில் புதிய தீயை மூட்டுகின்றன. ஆகவே மேலூரின் பாதுகாப்பு கீழூராரின் கையில் இருக்கிறது. கீழூரும் மேலூராரை நம்பியே இருத்தல் வேண்டும். ஒரு குடும்பம் தன் வீட்டைச் சுற்றிலும் எவ்வளவு பெருக்கி வைத்தாலும், அடுத்த வயலில் புதர் மண்டியிருப்பின் பயன் சிறிதே.

பொறி எவ்வாறு விழுகின்றது? கேழ்வரகும் குதிரைவாலியும் விதைக்குமுன், உழவர்கள் படிநிலங்களின் ஓரங்களில் வளர்ந்த புதர்களை வெட்டிக் குவித்துக் கொளுத்துவர். இக்குவியலுக்குக் குமாவூனியில் ‘ஓண்’ என்று பெயர். ஏப்ரல், மே மாதங்களில், காற்று வலுத்த நேரத்தில் இவ்வாறு கொளுத்தப்படும் தீ வரப்பைத் தாண்டிக் காட்டினுள் புகுந்துவிடுகிறது. வழக்கத்தை அடியோடு தடுப்பது இயலாது. உழவனுக்கு அது தேவையான வேலை. அல்மோரா மாவட்டத்தின் ஷீதலாகேத் பகுதிக் கிராமத்தார் இதனை நன்குணர்ந்து, வேலையை விடாமல் நாளை மட்டும் மாற்றினர். ஓண் எரிப்பதை மார்ச்சு 31-ஆம் நாளுக்குள் முடித்துவிடுவது என்பது கட்டுப்பாடு. ஏப்ரல் முதல் நாள் ‘ஓண் நாள்’ எனக் கொண்டாடப்படுகிறது. இதில் விஞ்ஞானப் பொருத்தம் உண்டு. குளிர்கால மழையின் ஈரம் அப்போது மண்ணில் முற்றிலும் வற்றியிராது. பிரூலும் முழு அளவில் உதிர்ந்திராது. தீ தப்பினாலும் வெகுதூரம் ஓடாது.

ஊரார் காட்டைக் காப்பது இம்மலைக்குப் புதிதன்று. அன்னிய ஆட்சி பெரும் பரப்பான காடுகளைத் தன் வசமாக்கி, புல்லுக்கும் விறகுக்கும் தடை விதித்தது. அதனால் கொதிப்புற்ற மக்கள் 1921-ஆம் ஆண்டில் காடுகளுக்குத் தாமே தீயிட்டனர். குறைகளை விசாரிக்க அமைக்கப்பெற்ற குழுவின் பின்விளைவாக, 1931-இல் வனப் பஞ்சாயத்து விதிகள் பிறந்தன. இன்று அம்மாநிலத்தில் 11,000-க்கும் மேற்பட்ட வனப் பஞ்சாயத்துகள் உள்ளன. தமக்கு உரிமையில்லாத காட்டை அணைக்க எவரும் இரவில் எழுந்தோடுவதில்லை என்பதை ஆட்சியாளர் கற்றுக்கொள்ளப் பத்தாண்டுகள் ஆயின.

டேராடூனிலுள்ள இந்திய வனக் கணக்கெடுப்பு நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் வாயிலாகக் காட்டுத் தீயைக் கண்காணித்து வருகிறது. 375 மீட்டர் கட்டங்களாக நிலத்தை நோக்கும் கருவி தீயைக் கண்டதும், பெயர் பதிந்தவர்களின் கைப்பேசிக்குச் செய்தி செல்லும். பொதுமக்களும் பெயர் பதியலாம். ஊருக்கு இருவரேனும் பதிந்துகொள்வது நன்று. ஆயினும் செயற்கைக்கோள் ஓரிடத்தின்மேல் நாளுக்குச் சில முறையே கடந்து செல்கின்றது, மேகமும் மறைக்கும். தீயின் வாயிலுக்கு முதலில் வந்து சேர்பவர்கள் அவ்வூராரே.

வருபவர்கள் அறிந்திருக்க வேண்டியவை உள. பச்சைக் கிளையால் அடித்து அணைப்பது சிறு தீக்கே பொருந்தும். பெருந்தீயாயின், பற்கள் கொண்ட வாரியால் சருகை வாரி, வெறும் மண் தெரியும்படி ஒரு கோடு இடுதலே தக்கது. எரிந்து முடிந்த பின்புறத்திலிருந்து தொடங்கி, இரு பக்கங்களிலும் அணைத்து முன்னேற வேண்டும்; தீக்கு மேலே, சரிவின் உச்சியில், ஒருபோதும் நிற்கலாகாது. 2024-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள், இதே அல்மோராவின் பின்சர் சரணாலயத்தில், தீயணைக்கச் சென்ற வனப் பணியாளர் நால்வர் நெருப்பில் சிக்கி மாண்டனர். பயிற்சியும் பணியும் உடையோருக்கே இது நேருமாயின், சேலை உடுத்த பெண்களையும் முதியோரையும் வெறுங்கையுடன் தீமுன் அனுப்புவது முறையன்று. அவர்களது உழைப்பு குளிர்காலத்திலேயே, சருகு வாருவதிலும் புதர் நீக்குவதிலும் பயன்படுவது மேல்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. வேலை நாடிச் சமவெளி நகரங்களுக்குக் குடிபெயர்ந்தோரின் படிநிலங்கள் உழுவாரின்றிப் புதர் மண்டிக் கிடக்கின்றன. கால்நடைகள் குறைந்தமையால், தொழுவத்தில் பரப்புவதற்காகப் பிரூல் வாருவோரும் குறைந்துவிட்டனர். ஊருக்கும் காட்டிற்கும் இடையே முன்பு பசுமையான பயிர் நின்ற இடத்தில் இப்போது காய்ந்த புல் நிற்கிறது. இந்நிலங்களைத் துப்புரவு செய்வதற்கான இசைவினை, உரியவர்கள் திருவிழாவுக்கு ஊர் திரும்பும்போதே எழுத்தில் பெற்று வைத்துக்கொள்ளல் வேண்டும். பிப்ரவரி 15-இல் தீப்பருவம் தொடங்கிய பின் முகவரி தேடுவதற்கு நேரம் இராது.