கழியொலியும் காலின் நாடியும்

முழங்காலின் பின்புறக் குழியினூடாக இறங்கும் நாடியொன்றே கெண்டைக்காலுக்கும் பாதத்துக்கும் குருதியை ஊட்டுகின்றது. கெண்டைக்காற்றசை பிறழ்ந்த இடத்திற் பொருந்தியிருப்பினும், நாடி தன் வழி விலகிச் செல்லினும், தசை சுருங்குந்தோறும் நாடி நெருக்குண்ணும். 1879 ஆம் ஆண்டில், எடின்பரோவில் மருத்துவம் பயின்ற அன்டர்சன் ஸ்ருவாட் என்னும் மாணவர், வெட்டியகற்றப்பட்ட காலொன்றை ஆராய்ந்து இப்பிறழ்வை முதன்முதல் விவரித்தார். அக்காலுக்குரியவருக்கு அவ்வறிவு பயன்படவில்லை. கேடு முதிருமுன் உயிருள்ள காலிலேயே இதனைக் காண்பது எவ்வாறு?

இந்நோய் பெரும்பாலும் ஓட்டமும் பந்தாட்டமும் பயிலும் இளைஞரையே பற்றுகின்றது. சிறிது தூரம் ஓடியதும் கெண்டைக்கால் நோகும். நின்றால் நோவு தணியும். தசைப்பிடிப்பென்று எண்ணி எண்ணெய் தடவிக் காலங்கழிப்பாருமுளர். ஓய்விலிருக்கையிற் பாதத்து நாடித்துடிப்புச் செவ்வனே இருத்தலால், சோதிப்போரும் ஏமாறுவர்.

மனிதச் செவிக்கெட்டும் ஒலியின் மேலெல்லை செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வாகும். அதனைக் கடந்தது கழியொலி. தோலின்மீது வைத்த கருவியினின்று சென்று, ஓடுங் குருதியின் செங்குழியங்களிற் பட்டு மீளும் கழியொலியின் மீடிறன் மாறுபடும். 1842 இல் கிறித்தியன் டொப்ளர் விளக்கிய தத்துவம் இதுவே. அம்மாற்றத்தினின்று குருதியின் வேகம் கணிக்கப்படும். ஒடுங்கிய வாய்க்காலில் நீர் விரைதல்போல, நெருக்குண்ட இடத்திற் குருதி விரையும். முற்றும் அடைபடின் ஓட்டம் நின்றுவிடும்.

ஆகவே காலை ஓய்வில் வைத்து நோக்குதல் மட்டும் போதாது. முழங்காலை நீட்டி, சோதிப்பவர் கைக்கெதிராகப் பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்துமாறும், பின்னர் மேல்நோக்கி வளைக்குமாறும் பணித்து, அவ்வேளையில் நாடியை நோக்குதல் வேண்டும். ஓய்வில் இயல்பாயிருந்த ஓட்டம் அப்போது தடைப்படின் நெருக்கம் புலனாகும். இப்பிறழ்வு இரு கால்களிலும் அமைதல் உண்டாதலின், இரண்டையும் சோதித்தல் முறையாகும்.

எனினும், நோயற்ற விளையாட்டு வீரர் பலரிலும் கடுமையாக அழுத்துங்கால் இந்நாடி ஒடுங்குவதுண்டு. ஆதலின் கழியொலிச் சோதனையொன்றையே நம்பிக் கத்தியெடுத்தல் தகாது. நோவின் வரலாறு, பயிற்சியின் பின் கணுக்காலில் அளந்த குருதியமுக்கம், காந்தப் பரிவுப் படம் ஆகியனவும் ஒத்துநிற்றல் வேண்டும்.

காலந்தாழ்த்தின் நாடிச்சுவர் தழும்பேறி, குருதி உறைந்து, அடைப்பு நிலைத்துவிடும். உரிய காலத்தில் அறியின், நெருக்குந் தசையை வெட்டி நாடியை விடுவித்தலே பலருக்குப் போதும். பிந்தின், நாளத்துண்டொன்றால் மாற்றுவழி அமைத்தல் நேரும். ஓடும்போது மட்டும் நோகும் இளங்காலை, ஓய்விற் பார்த்து நலமென்று அனுப்பிவிடலாகாது.