ஒரு சோறு பதம் போதுமா? சதுரங்க யந்திரத்தின் பலம் எவ்வளவு?

பானைச் சோறு வெந்ததா என்று அறிய ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தால் போதும். சதுரங்கம் ஆடும் யந்திரத்தின் பலத்தையும் அப்படி ஓரிரு ஆட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாமா?

முடியாது என்பதற்கு நம் சென்னைக்காரர் விசுவநாதன் ஆனந்தே சாட்சி.

கஸ்தூரி ரங்கா சாலையில் இருந்த சோவியத் கலாசார நிலையத்தில், 1972-ம் ஆண்டு மானுவல் ஆரோன் ஒரு சதுரங்கக் கழகம் தொடங்கினார். சோவியத் வீரர் தாலின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. சிறு வயதில் ஆனந்த் அங்கே ஆடிப் பழகினார். தோற்றவர் எழுந்துவிட வேண்டும். ஜெயித்தவர் உட்கார்ந்து அடுத்தவரோடு ஆடலாம். இதுதான் அங்கே வழக்கம். எழுந்திருக்க மனமில்லாத பையன் வேகமாக ஆடக் கற்றுக்கொள்ளத்தானே வேண்டும்!

எட்டு ஆட்டம்

அந்த மின்னல் வேக ஆனந்த், 1998-ம் ஆண்டு 'ரெபெல் 10' என்ற கம்ப்யூட்டரோடு மோதினார். அப்போது உலக வீரர்களின் வரிசையில் அவருக்கு இரண்டாவது இடம். நடந்தவை எட்டு ஆட்டங்கள். கம்ப்யூட்டருக்கு 5 புள்ளி. ஆனந்துக்கு 3 புள்ளி.

அப்படியானால் யந்திரமே பலசாலி என்று தோன்றும். சற்றுப் பொறுங்கள்.

எட்டில் நான்கு, ஆளுக்குச் சுமார் ஐந்து நிமிடம் மட்டுமே தரப்பட்ட அவசர ஆட்டங்கள். அவற்றில் யந்திரம் 3-1 என்று ஜெயித்தது. அடுத்த இரண்டு, ஆளுக்குக் கால் மணி நேர ஆட்டங்கள். அவற்றிலும் ஒன்றரைக்கு அரை என்று யந்திரத்துக்கே வெற்றி. கடைசி இரண்டும் 40 நகர்த்தலுக்கு இரண்டு மணி நேரம் கொடுக்கும் முறையான போட்டி ஆட்டங்கள். அவற்றில் ஒன்றரைக்கு அரை என்று ஆனந்த் ஜெயித்தார்!

அதே மனிதர், அதே யந்திரம். கடிகாரம்தான் மாறியது. அவசரத்தில் மனிதனுக்குக் கண் தவறும். யந்திரத்துக்குப் பதற்றம் கிடையாது. ஆற அமர யோசிக்க நேரம் கிடைத்தால், அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரின் கணக்குக்கு எட்டாத தூரத்தை ஆனந்தால் பார்க்க முடிந்தது. (இரண்டே ஆட்டத்தை வைத்து இதையும் அடித்துச் சொல்ல முடியாது என்பது வேறு விஷயம்.)

இதற்கு நான்கு ஆண்டு முன்னால், 1994-ல், லண்டனில் 25 நிமிட ஆட்டங்களில் 'ஜீனியஸ்' என்ற கம்ப்யூட்டர், உலக சாம்பியன் காஸ்பரோவையே வெளியேற்றியது. ஆனால் அரை இறுதியில் ஆனந்த் அதை இரண்டு ஆட்டத்திலும் தோற்கடித்தார். முதல் காட்சியை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனவர் என்ன நினைத்திருப்பார்?

"போனில் இருக்கிற சதுரங்கத்தை எங்கள் பையன் ஜெயித்துவிட்டான்" என்று பூரிக்கும் பெற்றோர் மயிலாப்பூரிலும் உண்டு, அடையாற்றிலும் உண்டு. எத்தனையாவது படியில் வைத்து ஆடினான் என்று அவர்கள் கேட்க வேண்டும். கீழ்ப்படியில் வைத்தால் அது வேண்டுமென்றே தப்பு ஆட்டம் ஆடும். முழு பலத்தில் வைத்தால் இன்று உலக சாம்பியனாலும் அதை ஜெயிப்பது அரிது. பையன் தோற்று அழுதாலும் இதைச் சொல்லித் தேற்றலாம்.

நூற்றில் பத்து

பெரிய விஞ்ஞானிகள் நடத்திய போட்டியிலும் இதே கேள்விதான் எழுந்தது. 2017 டிசம்பரில், கூகிளைச் சேர்ந்த டீப்மைண்ட் நிறுவனம் 'ஆல்பாஜீரோ' என்ற யந்திர மூளையை அறிமுகப்படுத்தியது. தனக்குத் தானே ஆடிக் கற்றுக்கொண்ட மூளை அது. 'ஸ்டாக்பிஷ்' என்ற மற்றொரு பலசாலியோடு நூறு ஆட்டம் ஆடி, 28-ல் ஜெயித்தது, 72 சமநிலை, தோல்வியே இல்லை!

ஆனால் அப்போது ஊரார் பார்க்க வெளியிட்டவை பத்தே ஆட்டங்கள். பத்தும் ஆல்பாஜீரோ ஜெயித்தவை. கூடையில் நல்ல தக்காளியை மேலே அடுக்கினால், அடியில் என்ன இருக்கிறது என்று கேட்கத்தானே தோன்றும்? நிபுணர்களும் கேட்டார்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சரியாக ஒரு நிமிடம் என்று வைத்திருந்தார்கள். எளிய இடத்தில் நேரத்தை மிச்சம் பிடித்து, சிக்கலான இடத்தில் செலவழிப்பதே ஸ்டாக்பிஷின் வழக்கம். அதன் கையைக் கட்டிவிட்டீர்கள் என்றார்கள். அதற்கு ஒதுக்கிய ஞாபக இடமும் போதாது என்றார்கள்.

ஓராண்டு கழித்து, 2018 டிசம்பரில், புதிய கணக்கு வெளியாயிற்று. இம்முறை ஆளுக்கு மூன்று மணி நேரம். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மேலும் 15 விநாடி. ஆயிரம் ஆட்டம். ஆல்பாஜீரோ 155-ல் ஜெயித்தது. ஆறில் தோற்றது. மற்றவை சமநிலை.