திருவில்லிபுத்தூர் மலைக்காடுகளில் காட்டுயிர் காண் பயணம்

திருவில்லிபுத்தூர் மலைக்காடுகள் என்பவை தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு எல்லையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் அமைந்துள்ள காடுகள் ஆகும். சாம்பல் நிற அணிலைக் காப்பதற்காக 1988ஆம் ஆண்டு இங்கு சுமார் 485 சதுர கி.மீ. பரப்பில் காட்டுயிர்ப் புகலிடம் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் இப்புகலிடமும் தேனி மாவட்டத்தின் மேகமலைப் புகலிடமும் இணைக்கப்பட்டு, திருவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் உருவானது. இது இந்தியாவின் 51ஆவது புலிகள் காப்பகமும் தமிழ்நாட்டின் 5ஆவது புலிகள் காப்பகமும் ஆகும். இதன் பரப்பு ஏறத்தாழ 1,016 சதுர கி.மீ. கேரளத்தின் பெரியார் புலிகள் காப்பகம் இதனை ஒட்டியுள்ளது.

வைப்பாறு இம்மலைகளில் தோன்றி வெம்பக்கோட்டை, சாத்தூர் வழியே கிழக்கு நோக்கிப் பாய்கிறது. பட்டாசு, தீப்பெட்டித் தொழிலால் அறியப்படும் சிவகாசியும் அச்சங்குளம் போன்ற சிற்றூர்களும் இவ்வாற்றுப் படுகையின் வறண்ட சமவெளியில் உள்ளன. இச்சமவெளியில் வாழ்வோர் பலர், சில மணி நேரப் பயணத்தில் சோலைமந்தியின் வாழிடத்தை அடையலாம் என்பதை அறிவதில்லை.

சபாரியும் மலைக்காடும்

சபாரி என்பது பயணம் எனப் பொருள்படும் சுவாகிலி மொழிச் சொல். கிழக்கு ஆப்பிரிக்காவின் செரங்கெட்டி, மசாய் மாரா போன்ற புல்வெளிகளில் வண்டியில் அமர்ந்தபடியே தொலைவில் உள்ள விலங்குகளைக் காண இயலும். அங்கும் முதனிகளைக் காண்பது வேறு வகையான பயணம் ஆகும். உகாண்டாவின் பிவிண்டி காட்டில் மலைக் கொரில்லாக்களைக் காண நடந்தே செல்ல வேண்டும். ஒரு கொரில்லாக் கூட்டத்தைக் காண நாளொன்றுக்கு எட்டுப் பேர் மட்டுமே அனுமதிக்கப்படுவர். கண்டபின் ஒரு மணி நேரமே அருகில் இருக்கலாம். மனிதரின் சளி, காய்ச்சல் ஆகியவை கொரில்லாக்களுக்குத் தொற்றக்கூடும் என்பதே இக்கட்டுப்பாட்டுக்கு முதன்மைக் காரணம். ருவாண்டாவில் இத்தகைய அனுமதிக்கான கட்டணம் 2017ஆம் ஆண்டு 1,500 அமெரிக்க டாலராக உயர்த்தப்பட்டது.

திருவில்லிபுத்தூர்க் காடும் நடந்து, நின்று, காத்திருந்து காண வேண்டிய காடே. முதுமலையில் உள்ளது போன்ற வாகனச் சவாரியையும் தேக்கடியில் உள்ளது போன்ற படகுச் சவாரியையும் எதிர்பார்த்து வருவோர் ஏமாற்றம் அடைவர். புலிகள் காப்பகம் என்ற பெயரைக் கொண்டு புலியைக் காணலாம் என எண்ணுவதும் பொருந்தாது. யானை, காட்டெருமை, கடமான், சிறுத்தை, வரையாடு ஆகியனவும் இங்கு உள்ளன. எனினும் பொறுமையுள்ள பார்வையாளர் காண வாய்ப்புள்ளவை மரவாழ் விலங்குகளே.

முதனிகள்

நாட்டுக்குரங்கு, சாம்பல் மந்தி, கருமந்தி, சோலைமந்தி, தேவாங்கு ஆகிய ஐந்து முதனி இனங்கள் இக்காடுகளில் வாழ்கின்றன. அடிவாரத்தின் முட்காடு முதல் உச்சியின் பசுமைமாறாக் காடு வரை பல வகைக் காடுகள் குறுகிய தொலைவுக்குள் அடுக்கடுக்காக அமைந்திருப்பதே இதற்குக் காரணம்.

நாட்டுக்குரங்கைத் தேட வேண்டியதில்லை. கோயில் அடிவாரங்களில் அதுவே பயணியைத் தேடி வரும். சாம்பல் மந்தி அடிவார இலையுதிர் காடுகளில் காணப்படுகிறது.

கருமந்தி பளபளப்பான கரிய உடலும் பழுப்பு நிறத் தலைமயிரும் கொண்டது. இலைகளே இதன் முதன்மை உணவு. விடியற்காலையில் ஆண் மந்தி எழுப்பும் முழக்கம் பள்ளத்தாக்கு முழுதும் கேட்கும். அவ்வொலியைக் கொண்டு திசையறிந்து, கதிரவன் ஏறுமுன் சென்றால் காண்பது எளிது. கருங்குரங்கு இலேகியம் என்ற பெயரில் மருந்து செய்வதற்காக இவ்விலங்கு நெடுங்காலம் வேட்டையாடப்பட்டது. இந்தியக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972 இன் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளதால் இதனைக் கொல்வதும் விற்பதும் கடும் குற்றமாகும்.

சோலைமந்தி மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் இனம். முகத்தைச் சுற்றிய வெண்சாம்பல் பிடரிமயிரும் நுனியில் குஞ்சம் கொண்ட வாலும் இதன் அடையாளங்கள். காடுகளில் வாழும் முதிர்ந்த சோலைமந்திகளின் எண்ணிக்கை 2,500க்கும் குறைவு என மதிப்பிடப்பட்டுள்ளது. பெண் மந்தி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டியையே ஈனுவதால், இழப்பை ஈடுசெய்ய நெடுங்காலம் ஆகிறது. இவ்வினத்தைக் காப்பதற்காகவே 1976ஆம் ஆண்டு திருநெல்வேலி மாவட்டத்தில் களக்காடு புகலிடம் அமைக்கப்பட்டது. இப்பகுதியில் இதனைக் காண விரும்புவோர் மேட்டுநிலத்தில் உள்ள மேகமலைப் பகுதிக்குச் செல்வதே நன்று. சலீம் அலி பழந்தின்னி வௌவாலின் முதல் மாதிரி 1948இல் அங்கிருந்துதான் சேகரிக்கப்பட்டது. கால் நூற்றாண்டு கழித்து, 1972இல் தான் அது புதிய பேரினம் எனக் கண்டறியப்பட்டது.

தேவாங்கு இரவு விலங்கு. இரவில் காட்டினுள் செல்வதற்குப் பொதுமக்களுக்கு அனுமதி இல்லாததால் இதனைப் பயணத் திட்டத்தில் சேர்க்க இயலாது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் உள்ள கடவூர், 2022ஆம் ஆண்டு தேவாங்கிற்கென இந்தியாவின் முதல் புகலிடமாக அறிவிக்கப்பட்டது.

சாம்பல் நிற அணில்

உலகில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் இவ்வணில் வாலுடன் சேர்த்து 50 முதல் 90 செ.மீ. வரை நீளம் உடையது. திருவில்லிபுத்தூருக்கு மேற்கே உள்ள செண்பகத்தோப்பு இதனைக் காண ஏற்ற இடம். காலையிலும் பிற்பகலின் இறுதியிலும் இது இரை தேடும். நண்பகலில் கிளையில் படுத்து ஓய்வெடுக்கும். அடுத்தடுத்த மரங்களின் கிளைகள் ஒன்றோடொன்று தொடும் இடத்திலேயே கூடு கட்டுகிறது. அவ்வாறு அமைத்தால் பகைவிலங்கு ஏறும்போது அடுத்த மரத்துக்குத் தாவித் தப்பலாம். ஆகவே ஓரிரு மரங்களை வெட்டுவதும் இதன் வழியை அறுத்துவிடும். வால்பாறைப் பகுதியில் சோலைமந்திகள் சாலையைக் கடப்பதற்காகத் தீயணைப்புக் குழாய்த் துணி முதலியவற்றால் மேற்பாலங்கள் கட்டப்பட்டதும் இதே சிக்கலுக்கான தீர்வாகும்.

அடிவாரத்து மாந்தோப்புகள், தென்னந்தோப்புகள் பல தனியார் நிலங்கள். உரிமையாளரின் இசைவின்றி அவற்றுள் நுழைதல் கூடாது.

பருவம்

கிழக்குச் சரிவு என்பதால் இங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையே முதன்மையானது. டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை ஓடைகளில் நீரும் மரங்களில் தழையும் இருக்கும். இதுவே சிறந்த காலம்.

சிவகாசி வட்டாரத்தினருக்கு இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. பட்டாசு ஆலைகளின் நீண்ட விடுமுறை தீபாவளியை ஒட்டி வருகிறது. அது ஓடைகளில் திடீர் வெள்ளம் வரும் காலம். அடுத்த கூட்ட விடுமுறையான பங்குனிப் பொங்கலோ காட்டுத்தீக் காலத்தில் வருகிறது. இவை வெறும் எச்சரிக்கைகள் அல்ல. 2015ஆம் ஆண்டு மே மாதம் சதுரகிரியில் கோடைமழையால் வந்த வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தனர். 2018ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறியோர் காட்டுத்தீயில் சிக்கி, 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

அனுமதி

குரங்கணி நிகழ்வுக்குப் பின் தமிழ்நாட்டு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. 2024ஆம் ஆண்டு அக்டோபரில் 40 வழித்தடங்களுக்கு இணையவழி முன்பதிவு தொடங்கப்பட்டது. வனத்துறை வழிகாட்டி இன்றி காப்புக்காட்டில் நடத்தல் சட்டத்துக்குப் புறம்பானது. தாணிப்பாறை வழியே சதுரகிரி செல்வோருக்கான நாட்களையும் நேரத்தையும் வனத்துறை முடிவு செய்கிறது. தீப்பெட்டி, பட்டாசு, சூடம், பீடி ஆகியவற்றைக் காட்டுக்குள் கொண்டு செல்லுதல் கூடாது.

இருகண் நோக்கி

மரவுச்சியில் உள்ள விலங்கைக் காண இருகண் நோக்கி இன்றியமையாதது. 8x42 என்பதில் 8 உருப்பெருக்கத்தையும் 42 முகப்பு வில்லையின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கும். பின்னதை முன்னதால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். இங்கு அது 5.25 மி.மீ. இருண்ட சோலையில் மனிதக் கண்மணி 5 மி.மீ. அல்லது அதற்கும் மேல் விரிவதால் இவ்வளவு ஒளி பயன்படும். சட்டைப்பையில் அடங்கும் 10x25 வகையில் இது 2.5 மி.மீ. மட்டுமே. ஆகவே உருப்பெருக்கம் மிகுதியாக இருந்தும் காட்சி இருண்டே தோன்றும். விலை மலிவு என்று இதனை வாங்குவோர் முதல் நாளிலேயே இக்குறையை உணர்வர்.

உணவளித்தல்

குரங்குகளுக்கு வாழைப்பழம், பொரிகடலை முதலியன இடுவது அறச்செயலாகக் கருதப்படுகிறது. ஆயினும் அவ்வாறு பழகிய கூட்டம் காட்டுணவைத் தேடுவதைக் குறைத்துச் சாலையோரத்தில் தங்கி, வாகனங்களில் அடிபடுகிறது. நோய்கள் இரு திசையிலும் பரவவும் வழி ஏற்படுகிறது.

சென்றடையும் வழி

விருதுநகர்-தென்காசி இருப்புப்பாதையில் திருவில்லிபுத்தூர், இராசபாளையம் ஆகிய நிலையங்கள் உள்ளன. அருகிலுள்ள வானூர்தி நிலையம் மதுரை. மேகமலைக்குச் சின்னமனூரில் இருந்து மலைச்சாலை செல்கிறது. ஒரு நாள் மட்டும் உடையோர் செண்பகத்தோப்போடு நிறுத்திக்கொள்ளலாம். மூன்று நாட்கள் உடையோர் மேகமலையையும், கருமந்திகளை எளிதில் காணத்தக்க தேக்கடியையும் சேர்த்துக்கொள்ளலாம்.