குழலில் முதல் சரளி வரிசை

புல்லாங்குழலை முதன்முதலில் ஊதுபவருக்குப் பெரும்பாலும் சுரம் வராது, வெறும் காற்றுதான் வரும். உடனே பலமாக ஊதத் தோன்றும். அதில் பயனில்லை. உதட்டிலிருந்து மெல்லிய கீற்றாகப் புறப்படும் காற்று, ஊதுதுளையின் எதிர்விளிம்பில் பட வேண்டும். அங்கே அது உள்ளும் வெளியுமாக மாறி மாறிப் பாய்ந்து, குழலுக்குள் இருக்கும் காற்றை அதிரவைக்கிறது. குழலைச் சற்றே உருட்டிப் பார்த்து அந்தக் கோணத்தைப் பிடிப்பதே முதல் பாடம்.

கர்நாடக இசைக் குழலில் விரல்துளைகள் 8. அவற்றில் 7 துளைகளை விரல்கள் ஆள்கின்றன. முதல் இரண்டை மூடினால் ‘ச’. ஒன்றை மட்டும் மூடினால் ‘ரி’. எல்லாவற்றையும் திறந்தால் ‘க’. அடுத்த ‘ம’வுக்குத் திறக்கத் துளை மிச்சமில்லை. அதனால் 6 துளைகளை ஒருசேர மூடி, உதட்டைக் குவித்துக் காற்றின் வேகத்தைக் கூட்ட வேண்டும். அப்போது அதிர்வெண் இருமடங்காகி, கீழ் ஸ்தாயி ‘ம’வுக்குப் பதில் மத்திய ஸ்தாயி ‘ம’ கிடைக்கும். பிறகு ஒவ்வொரு விரலாக எடுத்தால் ப, த, நி, மேல் ச. புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இந்தக் ‘க–ம’ தாவலில்தான்.

இப்படி முழுத்துளைகளில் இயல்பாக வருவது அரிகாம்போதி ராகம். ஆனால் தொடக்கப் பயிற்சியான சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகத்தில் அமைந்தது. அதன் ரி, த, நி மூன்றும் வேறு. ‘ரி’க்கு இரண்டாம் துளை, ‘த’வுக்கு ஐந்தாம் துளை, ‘நி’க்கு மூன்றாம் துளை பாதி மூடியிருக்க வேண்டும். எவ்வளவு பாதி என்பதை விரல் சொல்லாது. தம்புராவோடு ஒத்துப்பார்த்துக் காதுதான் சொல்லும்.

தாளத்திலும் ஒரு சிக்கல் உண்டு. பாடுபவர் தொடையில் தட்டி விரல் எண்ணுவார். குழல்காரருக்கு இரு கையும் குழலில். காலால்தான் தாளம் போட வேண்டும். ஆதி தாளத்தின் 8 அட்சரங்களில் ‘சரிகம’ லகுவிலும், ‘பத’, ‘நிச’ இரண்டு துருதங்களிலும் அழகாகப் பொருந்தும். முதல் காலத்தில் அட்சரத்துக்கு ஒரு சுரம். இரண்டாம் காலத்தில் 2. மூன்றாம் காலத்தில் 4. ஆவர்த்தன முடிவில் மட்டும் மூச்செடுத்துப் பழகுங்கள். ‘க–ம’ தாவலில் சுரம் பிசிறாத வரைக்கும் முதல் காலமே போதும்.