நூலும் புள்ளியும்

மைசூரு மண்டி மொஹல்லாவில் சட்டம் போட்ட அச்சுப்படம் ஒன்றை விலை பேசுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். படத்தில் இருப்பது ஆனி ஆல்பர்ஸ் நெய்த சுவர்த்துணி. சதுரங்களும் பட்டைகளும்தான், பூவோ கொடியோ கிடையாது. 1922-இல் ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளியில் சேர்ந்து நெசவு கற்றவர் அவர். 1949-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. நெசவுக் கலைஞர் ஒருவருக்கு அங்கே அதுவே முதல் முறை.

பணம் கொடுக்குமுன் ஒரு பிக் கிளாஸ் வைத்துப் பாருங்கள். அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ண, துணித் தொழிலில் புழங்கும் மடக்கு லென்ஸ் அது. அச்சகத்தில் மைப்புள்ளிகளைச் சோதிப்பதும் அதே லென்ஸால்தான்.

அதன் கீழே பச்சைப் பட்டையில் பச்சை மையே இருக்காது. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளின் புள்ளிகள்தான் தெரியும். அவ்வளவு சிறிய புள்ளிகளைக் கண்ணால் பிரிக்க முடியாததால் அவை ஒரே நிறமாகக் கலந்துவிடுகின்றன. தறியின் வித்தையும் இதுதான். பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். தள்ளி நின்றால் மூன்றாவது நிறம்.

ஆனால் மயில்கழுத்துப் பட்டு இன்னொன்றும் செய்யும். பாவும் ஊடையும் வெவ்வேறு திசையில் ஓடுவதால் ஒளியை வெவ்வேறு பக்கம் திருப்புகின்றன. நாம் நகர்ந்தால் நிறமும் மாறுகிறது. தட்டையான மைக்கு இது வராது.

அப்படியானால் அச்சில் மிஞ்சுவது என்ன? பாரிஸின் கோப்லான் நெசவாலையில் 1824-இல் சாயப் பொறுப்பேற்ற வேதியியலர் ஷெவ்ரலிடம், கறுப்புச் சாயம் எடுபடவில்லை என்று புகார் வந்தது. சோதித்தால் சாயத்தில் குறையில்லை. பக்கத்திலிருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்கலாகக் காட்டின. ஒரு நிறத்தை அதன் அண்டை நிறமும் தீர்மானிக்கிறது என்ற அவர் விளக்கம் 1839-இல் நூலாக வந்தது. அந்த அண்டை உறவு துணியிலிருந்து காகிதத்துக்கு வந்து சேரும்.

அதற்கும் ஒரு தடை உண்டு. இழைக் கட்டங்கள்மேல் புள்ளிக் கட்டங்கள் விழும்போது, துணியில் இல்லாத அலைக்கோலம் எழலாம். இதேபோல மைகளின் புள்ளி வரிசைகளும் ஒன்றோடொன்று மோதாதிருக்கவே ஒவ்வொரு மைக்கும் வேறு கோணம் கொடுக்கிறார்கள்.

லென்ஸில் புள்ளியே இல்லாமல் மை சீராகப் படிந்திருந்தால் சற்று நிதானியுங்கள். ஆல்பர்ஸ் 1963-இல் கல்லச்சு பழகி, பின்னர் தறியை விட்டு அச்சுக்கலைக்கே போனவர். அவர் பெயரில் உள்ள அச்செல்லாம் நகல் அல்ல.

வாங்கியபின் வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரை முழுக்கத் தடுக்காது. பெரும்பாலும் மஞ்சளும் மெஜந்தாவுமே முதலில் வெளுக்கும். பழைய சுவரொட்டிகள் நீலம்பாரித்து நிற்பது அதனால்தான். ஒரு மை போனாலும் அண்டை நிறங்களின் கணக்கு குலையும். நீங்கள் காசு கொடுத்தது அந்தக் கணக்குக்குத்தான்.